கிளிப் போட்ட கடைசி அத்தியாயம்

இந்த ஈஸ்டரோடு பீப்பாய்க்கும் எனக்கும் உள்ள உறவை முறித்துக்கொள்வது என்று பிப்ரவரியிலேயே முடிவு செய்துவிட்டேன்.

நீங்கள் நினைக்கிற பீப்பாய் இல்லை. மலைமேல் விடுமுறைக்குப் போய்த் தங்கும் எங்கள் மரவீட்டுக்கும் பக்கத்து மரவீட்டுக்கும் பொதுவாக ஒரு கழிப்பறை இருக்கிறது. என் மாமனாரும் பக்கத்து வீட்டுத் தூராவின் அப்பாவும் சேர்ந்து கட்டியது. கதவு இரண்டு. பீப்பாய் ஒன்று. அங்கே குழாய்த் தண்ணீர் கிடையாது. எல்லாம் பீப்பாய்க்குள்தான். குளிர்காலம் முழுக்க உறைந்து, யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் இருக்கும். ஜூனில் மண் இளகியதும் யாராவது ஒருவர் அதை இழுத்துக்கொண்டு போய்க் குழி வெட்டிக் கொட்டவேண்டும்.

அந்த யாராவது ஒருவர் பதினோரு வருஷமாக நான்தான்.

காரணம் புத்தகம். ஈஸ்டர் வந்தால் நார்வேயில் எல்லோரும் கொலைக்கதை படிப்போம். பால் அட்டைப்பெட்டியின் முதுகில்கூட ஒரு பிணம் அச்சாகியிருக்கும். நாங்கள் மூன்று பேர்: நான், என் மனைவி சோல்வி, தூரா. தூரா மாவட்ட நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். வியாழக்கிழமை ஆளுக்கு ஒரு புதுப் புத்தகத்தைத் தொடங்குவோம். தினமும் மத்தியானம் வெயில் விழும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஆரஞ்சு உரித்துக்கொண்டே, அன்றைக்குப் படித்த வரைக்கும் கதையைச் சொல்லவேண்டும். யார்மேல் சந்தேகம், எந்தப் பாத்திரம் பிடிக்கவில்லை, எல்லாம் சொல்லலாம். கேட்கிறவர் கொலையாளியை ஊகிக்கவேண்டும். நான் சோல்வியின் புத்தகத்தை. சோல்வி தூராவுடையதை. தூரா என்னுடையதை. சனிக்கிழமை பெயரைச் சீட்டில் எழுதிக் காப்பி டின்னில் போடுவோம். ஞாயிறு மத்தியானம் டின்னைத் திறப்போம். தப்பாக ஊகித்தவருக்குப் பீப்பாய்.

விதிகள் இரண்டுதான். சொல்லும்போது பொய் கூடாது, மறைக்கலாம். அடுத்தவர் புத்தகத்தைத் திறக்கக் கூடாது. இதற்காகத் தூரா வியாழக்கிழமையே மூன்று புத்தகங்களின் கடைசி அத்தியாயத்துக்கும் துணி காயப்போடும் மரக் கிளிப்பை மாட்டிவிடுவாள். ஞாயிறு வரை அது கழலக் கூடாது.

நான் தீயணைப்புக் கருவி சோதிக்கிறவன். சந்தேகப்படுவது என் தொழில். பதினோரு வருஷம் ஒரே ஆள் தோற்றால் அதில் ஏதோ இருக்கிறது. இரண்டு பெண்களும் ஜாடை பேசுகிறார்கள் என்பது என் சந்தேகம். போன வருஷம் ஆரஞ்சுத் தோல் விழுகிற விதத்தைக்கூடக் கவனித்தேன். சோல்வி தோலை ஒரே சுருளாக உரித்தால் தூரா தலையாட்டுகிறாள். நிரூபிக்க முடியவில்லை.

ஆகவே இந்த வருஷம் நான் முந்திக்கொண்டேன்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் சோல்வி புத்தகக் கடைக்குக் கிளம்பினாள். "நானும் வரேன், பை தூக்கணும்ல," என்றேன். இரண்டு புத்தகம் வாங்கினாள். என்னுடையதை எப்போதும்போல் தபாலில் வரவழைத்துவிட்டேன். தனக்கு 'உப்புக் கிடங்கு'. தூராவுக்குப் 'பாதிரியாரின் படகு'. தூரா குடியிருக்கும் பள்ளத்தாக்கில் புத்தகக் கடை மூடி நாலு வருஷமாகிறது. தூராவின் புத்தகத்தையும் சோல்விதான் கொண்டுபோவாள். இரண்டும் கெட்டி அட்டை, மேலே பளபளவென்று காகித மேலுறை.

மறுநாள் இரண்டும் கூடத்து மேஜைமேல் இருந்தன. மலைக்கு இன்னும் போகவில்லை. கிளிப் இன்னும் மாட்டவில்லை. விதி மலையில்தானே தொடங்குகிறது என்று என் மனசாட்சியிடம் சொன்னேன். அது அதிகம் வாதாடவில்லை.

சோல்வி துண்டை எடுத்துக்கொண்டு நின்றாள்.

"குளிக்கப் போறியா?"

"ஆமா."

"போ, போ. நல்லா மெதுவாக் குளி."

என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். போனாள். வழக்கமாக நாலு நிமிஷத்தில் வெளியே வருகிறவள். அன்று வெகுநேரம் தண்ணீர் சத்தம் நிற்கவே இல்லை. அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

உப்புக் கிடங்கின் மேலுறையைக் கசங்காமல் பிடித்துக்கொண்டு பின்பக்கமிருந்து திறந்தேன். கண்ணாடி தேட ஒரு நிமிஷம். கடைசி இரண்டு பக்கத்தையும் இரண்டு தடவை படித்தேன். இன்ஸ்பெக்டர் கதவைச் சாத்துகிறார். "கையுறையைக் கழற்றுங்கள், போர்கில்ட்," என்கிறார். அவள் சிரிக்கிறாள். கழற்றுகிறாள். விரலில் காயம். முடிந்தது.

போர்கில்ட். உலகத்தில் இவ்வளவு அழகான பெயர் இருக்கிறதா என்று தோன்றியது.

வியாழக்கிழமை மலைக்குப் போனோம். தூரா கிளிப் மாட்டினாள். என் 'ஈரத் தீப்பெட்டி'க்கும் மாட்டினாள். வெயில் சுவரில் சாய்ந்தோம். எதிரே ஏரி, பனி, கண்கூசும் வெளிச்சம்.

சோல்வி தொடங்கினாள். கடலோர ஊர். உப்புக் கிடங்கு முதலாளி உப்புக்குள்ளேயே பிணமாகக் கிடக்கிறார். அவருக்கு இரண்டு தம்பிகள். ஒரு மாலுமி.

"பெண்கள்?" என்றேன், ஆரஞ்சைப் பார்த்தபடி.

"எதுக்குக் கேக்கற?"

"சும்மா. ஊர்னா பெண்கள் இருப்பாங்கல்ல."

"ஒரு சமையல்காரி இருக்கா. முகம் குடுத்துப் பேசமாட்டா."

"பேரு?"

"மறைக்கலாம்னு விதி இருக்குல்ல?"

என் உள்ளம் துள்ளியது. மறைக்கிறாள் என்றால் மறைக்க ஏதோ இருக்கிறது.

அடுத்து தூரா. தூரா கதை சொல்வதில்லை, பதிவு செய்கிறாள். யார், எந்த ஊர், எத்தனை மணிக்கு, எந்தக் கதவு வழியாக. பாதிரியார், அவர் படகு, கோயில் மணி அடிக்கிறவர், அவர் மச்சினி, மச்சினியின் தங்கை. அந்தப் புத்தகம் சோல்வியின் கவலை. எனக்கு அதில் வேலையில்லை. வெயிலுக்கு முகத்தைக் காட்டிக் கண்ணை மூடினேன். விழித்தபோது தூரா, "இன்னிக்கு இவ்வளவுதான்," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பதினோரு வருஷமாக அப்படித்தான்.

வெள்ளிக்கிழமையும் அதே மாதிரி. உப்புக் கிடங்கில் மாலுமி காணாமல் போனான். தூரா இரண்டு சாட்சியின் வாக்குமூலத்தைச் சொல்வதற்குள் எனக்கு மூக்கு எரிந்து தூக்கம் வந்துவிட்டது.

சனிக்கிழமை காலை சமையலறையில் உட்கார்ந்து சீட்டை எழுதினேன். ஒரே சொல். நாலாக மடித்தேன். இப்போது எங்கே வைப்பது? சட்டைப் பையில் வைத்தால் சோல்வி சட்டையைத் தோய்க்கிறேன் என்பாள். அடுப்புக்குமேல் கொடியில் என் கம்பளிக் கையுறைகள் காய்ந்துகொண்டிருந்தன. இடது கையுறையின் கட்டைவிரலுக்குள் திணித்தேன். ஈரக் கையுறைக்குள் யார் கைவிடப் போகிறார்கள்?

தண்ணீர் மொள்ள வாளியோடு ஏரிக்குப் போய், பனியில் குடைந்த ஓட்டையில் மேலே கட்டியிருந்த ஐஸைத் தட்டி உடைத்து, திரும்பி வந்தேன். கையுறைகள் வேறு பக்கமாகத் திரும்பியிருந்தன.

நின்றேன். கட்டைவிரலுக்குள் பார்த்தேன். சீட்டு இருந்தது. நாலாக மடித்தது நாலாகவே இருந்தது.

"யாரு கையுறையைத் திருப்பினது?"

"நான்தான். ஒரு பக்கமே காயுது," என்றாள் சோல்வி, அடுப்பில் கட்டையைத் தள்ளிக்கொண்டு.

"தூரா வந்தாளா?"

"பழுப்பு சீஸ் கேட்டு வந்தா. ஏன்?"

ஆக இரண்டு பேரும் உள்ளே இருந்திருக்கிறார்கள். படித்திருப்பார்கள். படிக்கட்டும். எனக்குச் சிரிப்பு வந்தது. படித்து என்ன செய்ய முடியும்? அச்சடித்த புத்தகத்தில் கொலையாளியை மாற்றமுடியுமா? நான் உண்மையின் பக்கம் நிற்கிறேன். உண்மை கையுறைக்குள் இருந்தாலும் உண்மைதான்.

மத்தியானம் சோல்வி கதையைச் சொல்லி முடித்தாள். சமையல்காரி உப்பு மூட்டைக்குள் எதையோ மறைப்பதை யாரோ பார்த்துவிட்டார்கள். தூரா தன்னுடையதைப் பதிவு செய்தாள்; அது முடிந்ததும் சோல்வி என்னை எழுப்பினாள். சீட்டுகள் டின்னுக்குள் விழுந்தன.

"இந்தத் தடவை ரொம்பத் தெம்பா இருக்கியே ஒட்வார்," என்றாள் தூரா.

"மண்வெட்டி பழசாயிடுச்சு தூரா. உனக்கு ஒரு புதுசு வாங்கி வைக்கட்டுமா?"

"எனக்கு எதுக்கு? நான் உன் தீப்பெட்டிக்காரனைக் கண்டுபிடிச்சாச்சு."

"அப்ப சோல்விக்கு வாங்கறேன்."

"பிடி நீளமா இருக்கட்டும்," என்றாள் சோல்வி. "எனக்கு முதுகு வலி."

ஞாயிறு. கிளிப்புகள் கழன்றன. ஒரு மணி நேரம் மூன்று பேரும் பேசாமல் கடைசி அத்தியாயத்தைப் படித்தோம். நான் என் புத்தகத்தைவிடச் சோல்வியின் முகத்தைத்தான் அதிகம் படித்தேன். அவள் முகத்தில் ஒன்றும் அச்சாகவில்லை.

தூரா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு டின்னைத் திறந்தாள்.

"முதல் சீட்டு. என்னோடது. ஒட்வார் புத்தகத்துக்கு. மருந்துக்கடைக்காரர்."

"சரிதான்," என்றேன். அவள் எப்போதும் சரிதான்.

"ரெண்டாவது. சோல்வியோடது. என் புத்தகத்துக்கு." பிரித்தாள். "போர்கில்ட்."

என் வாயிலிருந்த ஆரஞ்சுச் சுளை அங்கேயே நின்றது.

"ரொம்ப சரி," என்றாள் தூரா. "மணி அடிக்கிறவரோட மச்சினி. எனக்கே கடைசி வரைக்கும் சந்தேகம் வரல. எப்படிடீ பிடிச்சே?"

"மனசுல பட்டுச்சு," என்றாள் சோல்வி.

"மூணாவது," என்றாள் தூரா.

"இரு," என்றேன். "அது… நான் வேற எழுதிக்கிறேன்."

தூரா முப்பது வருஷம் நீதிமன்றத்தில் இருந்தவள். சீட்டு ஏற்கெனவே பிரிந்திருந்தது. ஒருமுறை படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி இன்னொருமுறை படித்தாள்.

"ஒட்வாரோடது. சோல்வி புத்தகத்துக்கு. போர்கில்ட்."



"என் புத்தகத்துல போர்கில்ட்னு ஒரு பூனை கூட இல்லையே," என்றாள் சோல்வி. "கொன்னது சின்னத் தம்பி."

"சமையல்காரி?" என்றேன்.

"அவ பேரு பேத்ரா. உப்புல மறைச்சது சாராயம்."

தூரா என்னை நோக்கித் திரும்பினாள். "மூணு நாளா என் வாய் ஓயாம போர்கில்ட், போர்கில்ட்னு சொல்லிக்கிட்டிருந்தேன். அப்ப நீ எங்கே இருந்தே?"

"தூங்கிக்கிட்டிருந்தான்," என்றாள் சோல்வி.

"அப்ப என்கிட்டேயிருந்து அந்தப் பேரைக் கேட்கல. சரி. பின்னே எங்கேயிருந்து வந்துச்சு?"

"ஊகம்!" என்றேன்.

"நாட்டுல எத்தனையோ பேர் இருக்கே. என் புத்தகத்துக் கொலைகாரி பேரையே ஊகிச்சிருக்கே. ஆனா தப்பான புத்தகத்துக்கு."

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. கூடத்து மேஜை. பளபளக்கும் மேலுறைகள். பின்பக்கமிருந்து திறந்த நான். முதல் பக்கத்தைப் புரட்டியிருந்தால் உள்ளே புத்தகத்தின் பெயர் இருந்திருக்கும். எழுந்து நின்றேன். விரலை நீட்டினேன்.

"இவ மேலுறையை மாத்திட்டா தூரா! வீட்டுலயே மாத்திட்டா! உன் புத்தகத்துக்கு உப்புக் கிடங்கு மேலுறையைப் போட்டுட்டா! மலைக்கு வர்றதுக்கு முன்னாடி திரும்ப மாத்தியிருக்கா! என் சீட்டையும் கையுறைக்குள்ள படிச்சிருக்கா!"

தூரா பொறுமையாகக் கேட்டாள். பிறகு ஒரே கேள்வி.

"உள்ளே என் புத்தகம் இருந்துச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

நீட்டிய விரல் நீட்டியபடியே இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஆரஞ்சுத் தோலைப் பொறுக்கினேன்.

"சோல்வி, நீ என் புத்தகத்தைத் திறந்தியா?"

"திறக்கவே இல்ல. மேலுறை அழுக்காயிடக் கூடாதுன்னு கழட்டி வச்சேன், திரும்ப மாட்டினேன். அப்ப இடம் மாறியிருக்கலாம்."

"கையுறை?"

"காய வச்சேன். கையுறையைப் பத்தி விதி இருக்கா?"

"இல்லை," என்றாள் தூரா. "அடுத்த ஈஸ்டருக்குச் சேர்த்துடலாம்." டின்னை மூடினாள். "தப்பா ஊகிச்சதுக்கு ஒரு வருஷம். புத்தகத்தைத் திறந்ததுக்கு ரெண்டு வருஷம். மொத்தம் மூணு ஜூன்."

ஜூன் வந்தது. மண் இளகியது. பீப்பாயும் இளகியது. நான் முழங்கால்வரை குழிக்குள் நின்றுகொண்டிருந்தேன். நாற்றம் வராத பக்கமாக நாற்காலியைப் போட்டு சோல்வி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு புத்தகம்.

"ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லு," என்றேன். "எப்போ உனக்கு என்மேல சந்தேகம் வந்துச்சு?"

"பை தூக்கறேன்னு புத்தகக் கடைக்கு வந்தியே, அப்போ. முப்பத்தோரு வருஷத்துல நீ அந்தக் கடைக்குள்ள காலே வச்சதில்ல."

இரண்டு மண்வெட்டி மண் அள்ளினேன். இருந்தாலும் ஒரு சின்னத் திருப்தி மிச்சமிருந்தது. அவள் திட்டத்திலும் ஒரு ஓட்டை இருந்தது.

"நீ பாட்டுக்கு வழக்கம்போல நாலு நிமிஷத்துல வெளியே வந்திருந்தா உன் திட்டம் என்ன ஆயிருக்கும்? ஏதோ அன்னிக்குப் பார்த்து மெதுவாக் குளிச்சே."

சோல்வி பக்கத்தைப் புரட்டினாள்.

"நீ கண்ணாடியைத் தேடி எடுத்து, ரெண்டு பக்கத்தையும் எழுத்துக்கூட்டிப் படிச்சு முடிக்கணுமே. குளிச்சு முடிச்சும் பதினாறு நிமிஷம் சும்மா தண்ணியைத் திறந்துவிட்டுக்கிட்டு நின்னேன்."