பொன்னாடை போர்த்திய சிலந்திப் பெட்டை

தன்னைப் பற்றித் தானே சொல்லக் கூடாது என்பாள் என் மனைவி ராணி. மற்றவர்கள் சொல்லியிருந்தால் நான் ஏன் சொல்லப் போகிறேன்? முப்பது வருடத்துக்கு மேலாகக் காத்திருந்து பார்த்துவிட்டேன், ஒருவரும் வாய் திறப்பதாக இல்லை. ஆகவே சொல்கிறேன்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது (நான்தான் அதைக் கைவிட்டேன் என்றும் சொல்லலாம், இரண்டு பக்கத்துக்கும் சந்தோசம்தான்). ஒரு பையோடு சுவிசுக்கு வந்து இறங்கிய முதல் வாரமே அகதி முகாமில் ஆடிக்கொண்டிருந்த கட்டில்களையெல்லாம் ஆணி அடித்து நிறுத்தினேன். எம்மன்புரூக்கேயில் பகலில் இரும்பு ஆலை, மாலையில் உணவகத்தில் கோப்பை கழுவல். மிச்சம் கிடைத்த நேரத்தில், எங்கள் நிலவறையில் ஒரு வாளும் ஒரு சுத்தியலும் வைத்துக்கொண்டு தமிழ்க்கடைக்குத் தட்டுகள் அடித்தேன், கோயிலுக்குச் சப்பறம் செய்தேன், தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு மேடை போட்டேன். எல்லாவற்றுக்கும் மேலாக, கழற்றி வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் அரை மணித்தியாலத்தில் பொருத்திப் பூட்டக்கூடிய மணவறையைச் செய்தேன். அதனால்தான் ஊருக்குள் எனக்கு மணவறைச் சிவம் என்று பெயர். கழற்றிப் பூட்டும் மணவறையை இந்த நாட்டில் முதலில் செய்தவன் நான். (பாடன் நகரில் ஒருவர் தானும் செய்ததாகச் சொல்லித் திரிகிறார். அவருடையது ஆடும்.)

இவ்வளவும் செய்த மனிதனைப் பார்த்து வீட்டில் உள்ள ஒரே பிள்ளை வாய் பிளந்து நிற்க வேண்டுமா இல்லையா? நின்றாள். பதினொரு வயது வரைக்கும் நின்றாள். பன்னிரண்டாவது வயதில், 2011 ஆம் ஆண்டு என்று நினைக்கிறேன், நூலகத்திலிருந்து ஒரு படக்கதைப் புத்தகத்தைக் கொண்டுவந்தாள். அதோடு என் ஆட்சி கவிழ்ந்தது.

அந்தப் புத்தகத்தில் ஒரு பெட்டை. பெயர் மரிசோல். தாய் தகப்பன் மெக்சிக்கோவிலிருந்து அமெரிக்காவுக்குப் போனவர்களாம். வீட்டில் ஸ்பானிய மொழி, வெளியில் ஆங்கிலம். பகலில் பள்ளிக்கூடம் போவாள், பின்னேரம் முகமூடி போட்டுக்கொண்டு சுவரில் ஏறுவாள். கையிலிருந்து நூல் வரும். அந்த நூலில் தொங்கிப் போய்க் கள்ளரைக் கட்டிப்போடுவாள். மொத்தத்தில் சிலந்தி. எங்கள் வீட்டில் சிலந்தியைக் கண்டால் ராணி தூசி உறிஞ்சும் இயந்திரத்தை எடுப்பாள். இந்தச் சிலந்திக்கு மட்டும் சுவரில் இடம் கிடைத்தது. அதுவும் எந்த இடம்? கோட் சூட்டோடு நான் மணவறைக்கு முன்னால் நிற்கும் படம் மாட்டியிருந்த இடம்.

"அபி, அப்பான்ர படம் எங்க?"

"அலுமாரிக்கு மேல பத்திரமா இருக்கு அப்பா. மரிசோலுக்கு வெளிச்சம் வேணும்."

எனக்கு வெளிச்சம் தேவையில்லையாம்.

சாப்பாட்டு மேசையில் மரிசோல் புராணம் தொடங்கிவிடும். அவள் இருபது மாடி ஏறினாளாம். நான் சொன்னேன், நானும் லுட்சேர்னில் ஏழாம் மாடிச் சாரத்தில் நின்று பூச்சு வேலை செய்தவன், அதுவும் பனிக்காலத்தில் என்று. "உங்களுக்கு ஏணி இருந்தது அப்பா" என்றாள். அவளுக்கு நூல் இருந்ததே என்று கேட்க வாய் உன்னியது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையோடு கடதாசிப் பெட்டைக்காக வாதாடுவது எனக்கு அழகில்லை என்று விட்டுவிட்டேன். (விடவில்லை. அடுத்த நாள் அந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய் நிலவறையில் பெயின்ற் வாளிகளுக்குப் பின்னால் ஒளித்தேன். பிள்ளை அழுதழுது தேடினாள். மூன்றாம் நாள் நானே "கண்டுபிடித்து"க் கொடுத்தேன். அன்று மட்டும் ஒரு பத்து நிமிடம் நான் கதாநாயகன்.)

அப்போதுதான் தமிழ்ப் பள்ளிக்கூட ஆண்டு விழா வந்தது. பேச்சுப் போட்டிக்குத் தலைப்பு, "நான் வியக்கும் ஒருவர்". வழக்கமாகப் பெற்றோர் எழுதிக் கொடுப்பதைப் பிள்ளைகள் கிளி மாதிரி ஒப்புவிக்கும். அந்த வருடம் பத்மா ரீச்சர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: ஆரைப் பற்றிப் பேசுவது என்று பிள்ளைகளே முடிவெடுக்க வேண்டும், பெற்றோர் தலையிடக் கூடாது.

நான் தலையிடவில்லை. ஆனால் காது இருக்கிறதே. அபி ஒவ்வொரு நாளும் வந்து என்னிடம் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள்.

"அப்பா, பயமிருந்தும் செய்யிறதுக்கு என்ன சொல்?"

"துணிச்சல்."

"தனிய நிண்டு சமாளிக்கிறது?"

"தன்னந்தனியாக."

"அப்பா, நீங்கள் முதல் முதல் இஞ்ச வரேக்க மொழி தெரியாம வெக்கமா இருந்ததோ?"

நான் ராணியைப் பார்த்தேன். ராணி கத்தரிக்காயைப் பார்த்தாள். எனக்கு அதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? பிள்ளை என்னைப் பற்றித்தான் பேசப் போகிறது. ஒரு கடதாசிச் சிலந்தியால் எத்தனை நாளைக்குத் தாக்குப்பிடிக்க முடியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் இன்னொன்றும் கேட்டாள்.

"அப்பா, பிளைவுட்டில ஆள் உயரத்துக்கு ஒரு உருவம் வெட்டித் தாங்கோ. துணியால மூடி வைச்சு, பேச்சு நடக்கேக்க திறந்து காட்டப் போறன்."

"ஆரின்ர உருவம்?"

"அது ரகசியம். நீங்கள் பலகையில படுங்கோ, நான் சுத்திவரக் கோடு கீறுறன். அப்பதான் அளவு சரியா வரும்."

கட்அவுட். எனக்குக் கட்அவுட். நிலவறைக்கு ஓடினேன். பலகையை விரித்துப் படுத்தேன். ஒரு கையை மேலே தூக்கச் சொன்னாள், ஒரு முழங்காலை மடிக்கச் சொன்னாள். ஏணியில் நின்று ஆணி அடிக்கும் கோலம், வேறென்ன. பிள்ளை பென்சிலை எடுத்து என் விரல்களிலிருந்து தொடங்கி, வயிற்றடியில் சற்று நேரம் எடுத்து, கால்வரை கீறினாள். அந்த நேரம் பார்த்து மேல்மாடிச் சுவிஸ் அம்மா பக்கத்திலிருந்த உடுப்புத் தோய்க்கும் அறைக்குக் கூடையோடு இறங்கி வந்தார். தரையில் கை கால் பரப்பிக் கிடக்கும் என்னையும் சுற்றிவரக் கோடு போடும் பிள்ளையையும் பார்த்துக் கூடையைக் கீழே வைத்துவிட்டார். பொலிசைக் கூப்பிடவா என்று கேட்டார். நான் படுத்தபடியே ஜெர்மனில் பெருமையாகச் சொன்னேன்: "வேண்டாம். இது நான்."

ஞாயிற்றுக்கிழமையில் சத்தம் போடக் கூடாத நாடு இது, மின்வாள் பிடித்தால் அதே அம்மா பிறகு உண்மையாகவே பொலிசைக் கூப்பிட்டுவிடுவார் என்பதால் கைவாளால் வெட்டினேன். நான்கு மணித்தியாலம். விளிம்பைத் தேய்த்து, பின்னால் முட்டுக்கொடுத்து, ஆடாமல் நிறுத்தினேன் (பாடன்காரருக்கு அது தெரியாத வித்தை). பிறகு என்னை உள்ளே வரக் கூடாது என்று சொல்லிவிட்டு அபி ஒரு கிழமையாக நிலவறைக் கதவைப் பூட்டிக்கொண்டு நிறம் தீட்டினாள்.

இனித்தான் என் மூளையின் திறமையைக் கேளுங்கள். மேடையில் மகள் தகப்பனைப் புகழ்ந்து முடித்ததும் சபை என்ன செய்ய வேண்டும்? பொன்னாடை போர்த்த வேண்டும். அந்த நேரத்தில் பொன்னாடைக்கு எங்கே போவார்கள் பாவம். ஆகவே நானே சரிகை வைத்த பச்சைப் பொன்னாடை ஒன்றை வாங்கி, பையில் போட்டு, விழாவுக்கு முதல் நாள் பத்மா ரீச்சரிடம் கொடுத்தேன்.

"ரீச்சர், அபியின்ர பேச்சு முடிஞ்ச உடன இதைப் போர்த்திவிடுங்கோ."

"ஆருக்கு அண்ணை?"

"அது அப்ப உங்களுக்கே விளங்கும்."

என் வாழ்க்கையில் ஒரேயொரு தடவைதான் அடக்கமாக நடந்துகொண்டேன். அதுதான் என்னைக் கெடுத்தது.

விழாவன்று முதல் வரிசை நடுக் கதிரையில் இருந்தேன். கோட், சூட், சிவப்பு ரை. ராணியின் தம்பி குகனை ஓல்டனிலிருந்து வீடியோ கமராவோடு ரயிலேற வைத்திருந்தேன். "என்னைத்தான் கூடுதலா எடுக்க வேணும்" என்று சொல்லி வைத்தேன். பக்கத்துக் கதிரைக்காரர்களுக்கும், அவர்களுக்குப் பின்னால் இருந்தவர்களுக்கும், தேத்தண்ணி ஊற்றியவருக்கும் விசயம் சொல்லியாகிவிட்டது.

அபி மேடையேறினாள். பக்கத்தில் துணி மூடிய உருவம்.

"அனைவருக்கும் வணக்கம். நான் வியக்கும் ஒருவர் சின்ன வீட்டில் பிறந்தவர். வேறு நாட்டிலிருந்து வந்த குடும்பம். வெளியில் பேசும் மொழி வீட்டில் இல்லை."

நான் தலையாட்டினேன். குகனின் கமரா என் முகத்தில்.

"அவர் உயரமான இடங்களில் தன்னந்தனியாக ஏறுவார். பயமில்லாமல் ஏறுவதில்லை. பயத்தோடு ஏறுவார். அதுதான் துணிச்சல்."

லேஞ்சியை எடுத்துக் கண்ணைத் துடைத்தேன்.

"அவர் கையாலேயே எல்லாவற்றையும் கட்டுவார். இதோ அவர்."

அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. எழுந்தேன். சபைப் பக்கம் திரும்பினேன். இரண்டு கையையும் கூப்பி, இடது பக்கம் ஒரு கும்பிடு, வலது பக்கம் ஒரு கும்பிடு, பின்வரிசைக்காக எட்டி ஒரு கும்பிடு. மண்டபம் முழுக்கக் கைதட்டல். சிரிப்பும் கேட்டது. சந்தோசத்தில் சிரிக்கிறார்கள் என்று நினைத்து நான்காவது கும்பிடும் போட்டேன்.

"அத்தான்," என்றான் குகன் கமராவுக்குப் பின்னாலிருந்து, "திரும்பிப் பாருங்கோ."

திரும்பினேன். மேடையில் சிவப்பும் கறுப்புமாக உடுப்பு, முகமூடி, தோள்வரை சுருள் முடி, நெஞ்சில் எட்டுக் காலோடு ஒரு சிலந்தி. மரிசோல். ஆனால் புத்தகத்தில் இருக்கும் கொடியிடை மரிசோல் இல்லை. அவளுக்கு என் வயிறு. என் வளைந்த முழங்கால். இரும்பு ஆலையில் நசுங்கிக் கட்டையாய்ப் போன என் இடது சின்னவிரல்கூட அப்படியே இருந்தது. உலகத்தைக் காப்பாற்ற வந்த சிலந்திப் பெட்டை, கோயிலைச் சுற்றி ஐந்து பிரதட்டை முடித்துவிட்டு அன்னதானத்துக்கு வரிசையில் நிற்பவள் மாதிரி நின்றாள்.

திரும்பக் கதிரையில் இருந்திருக்கலாம். கூப்பிய கையோடு நின்றுகொண்டே மிச்சப் பேச்சையும் கேட்டேன்.

"மரிசோலின் பலம் நூலில் இல்லை. அவளுடைய அப்பாவும் வேலையால் களைத்துத்தான் வருவார். வந்து கதிரையில் இருந்ததும், இன்றைக்கு உனக்கு என்ன நடந்தது, சொல்லு என்று கேட்பார். அவள் சொல்லி முடிக்கும்வரை தன் கதையைத் தொடங்க மாட்டார். அதனால்தான் அவள் எங்கே ஏறினாலும் வீட்டுக்குத் திரும்பி வருவாள்."

அதுவரை ஒரு கடதாசிப் பெட்டை மேல்தான் எனக்குப் பொறாமை. அந்த நிமிடத்திலிருந்து அவளுடைய கடதாசித் தகப்பன் மேலும் பொறாமை. அந்த ஆள் என்ன கட்டினான்? ஒரு கதிரையில் இருந்தான், ஒரு கேள்வி கேட்டான். அவ்வளவுதான். அதற்கு இவ்வளவு புகழா? ராணி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு விளக்கம் எழுத எட்டாம் வகுப்புப் போதாது.

அப்போது பத்மா ரீச்சர் பொன்னாடையோடு வந்தார். என்னைப் பார்த்து ஒரு புன்னகை. "அது அப்ப விளங்கும்" என்றேன் அல்லவா, அவருக்கு விளங்கிவிட்டது. நேரே மேடைக்கு ஏறி, மரிசோலின் தோளில் பச்சைப் பொன்னாடையைப் போர்த்திவிட்டார். ஒலிவாங்கியிலும் அறிவித்தார்: "இந்தப் பொன்னாடையை அன்பளிப்புச் செய்தவர், பிள்ளையின் தந்தையார் சிவம் அண்ணை." மறுபடி கைதட்டல். பொன்னாடை வயிற்றை மறைத்தது. அந்த ஒரு உதவிதான்.

மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் சுவிஸ்காரர் பிறகு வந்து என் கையைக் குலுக்கினார். பச்சைப் பொன்னாடையையும் மடித்த முழங்காலையும் காட்டி, "நல்ல தவளை" என்று பாராட்டினார்.

அபிக்கு இரண்டாம் பரிசு. முதல் பரிசு தன் அப்பாவைப் பற்றிப் பேசிய ஒரு பெடியனுக்கு. யாருடைய மகன் என்று கேட்கிறீர்களா? பாடன்காரருடைய மகன் (மற்ற ஊர்ப் பிள்ளைகளும் சேரலாம் என்றிருந்தது). தகப்பன் எழுந்து ஒரே ஒரு கும்பிடு போட்டு இருந்துவிட்டார். மணவறை ஆடினாலும் ஆள் ஆடவில்லை. இன்றுவரை எனக்கு அது பொறுக்கவில்லை.

திரும்பி வரும்போது வானில் கட்அவுட் நெடுக்காகத்தான் கிடந்தது. தலை எனக்கும் ராணிக்கும் நடுவில், முகமூடியோடு. சந்தியில் சிவப்பு விளக்கு. பின்னால் அபி கட்அவுட்டின் காலைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். நான் தொண்டையைச் செருமினேன்.

"இண்டைக்கு என்னம்மா நடந்தது, சொல்லு."

"நீங்களும் அங்கதானே நிண்டனீங்கள்."

"நிண்டனான்தான். ஆனா மற்றப் பக்கம் பாத்துக் கும்பிட்டுக்கொண்டெல்லோ நிண்டனான். ஒண்டும் பாக்கேல்லை."

அபி சிரிக்கத் தொடங்கினாள், ராணியும் சிரித்தாள், நடுவிலிருந்த மரிசோலின் தலையும் வான் குலுக்கத்தில் ஆடியது. வீடு வரும்வரை அபி முதலிலிருந்து முழுவதும் சொன்னாள். நான் ஏழாம் மாடிக் கதையை ஒருக்காலும் எடுக்கவில்லை. (இரண்டு தடவை நாக்கு நுனிவரை வந்தது.)

குகன் எடுத்த வீடியோ இன்னும் இருக்கிறது. எந்தக் கலியாண வீட்டில், எந்தக் கூட்டத்தில், யாரை மேடையில் புகழத் தொடங்கினாலும் அவன் என் காதுக்குள் வந்து சொல்வான்: "அத்தான், எழும்புங்கோ." இப்போது அவனுடைய பிள்ளைகளும் சொல்கிறார்கள்.

அபி வளர்ந்து படக்கதை வரைபவளாகிவிட்டாள். போன வருடம் லுட்சேர்னில் அவளுடைய படங்களுக்குக் கண்காட்சி வைத்தார்கள். நுழைவாசலில் அதே கட்அவுட், அதே பச்சைப் பொன்னாடை. ஒரு சுவிஸ் பெண்மணி அரை மணித்தியாலம் அதற்கு முன்னால் நின்று, இவ்வளவு உண்மையான உடம்போடு ஒரு வீராங்கனையை இதுவரை பார்த்ததில்லை என்று சொன்னார். எல்லோரும் அபியைச் சூழ்ந்து நின்றார்கள். நான் கீழே இருந்த சின்னச் சீட்டைக் குனிந்து படித்தேன். பலகை, வர்ணம், துணி, அபியின் பெயர். முடிந்தது.

பலகை தானாக நடந்து வந்ததா? கோயிலில் ஒரு ரியூப் லைற் கொடுத்தவனின் பெயரை வெளிச்சமே மறைக்குமளவுக்கு எழுதுகிறார்கள். நான் ஒரு முழு உடம்பைக் கொடுத்திருக்கிறேன். ஆகவே இந்தக் கட்டுரையைப் படிக்கும் என் மகளுக்கும் கண்காட்சிக்காரருக்கும் இதன்மூலம் அறியத் தருவது: அந்தச் சீட்டை மாற்ற வேண்டும். வெட்டியது, படுத்தது, வயிறு, வளைந்த முழங்கால், பொன்னாடை, எல்லாம் உபயம் மணவறைச் சிவம், எம்மன்புரூக்கே. எழுத்து ஒரு விரல் உயரத்துக்குக் குறையக் கூடாது. நசுங்கிய சின்னவிரலை வைத்து அளக்கக் கூடாது.