கொழும்புக்குப் போகாதே மச்சான்

தோணிரேவு, பழவேற்காட்டு ஏரிக்கரை.

நாகப்பட்டணத்து ஒல்லாந்தர் கோட்டையில் சட்டப் புத்தகங்களைக் கட்டிக் காக்கும் மச்சான் அர்ஜுனனுக்கு, உன் அக்காள் தேவகியின் புருஷன் கங்காதரன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அக்காளும் ஏரியும் சுகம். அங்கே நீயும் உன் புத்தகங்களும் கரையான் படாமல் சுகமாயிருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறோம்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். உன்னை ஊரில் நியாயாதிபதி என்று சொல்லிவைத்திருக்கிறேன். வேண்டுமென்று சொல்லவில்லை. "மச்சான் கோட்டையில இன்னா வேல பாக்கறான்?" என்று கேட்டவர்களிடம், வழக்கு வந்தால் அதற்கான சட்டம் எந்தப் புத்தகத்தில் எந்த ஏட்டில் இருக்கிறது என்று தேடி எடுத்துக் கொடுப்பவன் என்று விளக்கத்தான் விளக்கினேன். "அப்போ தீர்ப்பு சொல்றது?" "அது துரை." "அப்போ மச்சான் சும்மா குந்திக்கினு கீறானா?" வீட்டு மாப்பிள்ளை நான், எனக்குப் பொறுக்குமா? தீர்ப்பும் நீதான் என்று சொல்லிவிட்டேன்.

உன் கடுதாசி வந்தது. நாகப்பட்டணத்தில் மீசை நரைத்த எழுத்தர்களுக்கெல்லாம் புத்தகம் காக்கச் சொல்லிக்கொடுத்தாயே, அதைப் பார்த்துவிட்டு, கொழும்பில் அதற்கென்றே ஒரு பள்ளிக்கூடம் வைத்து உன்னைத் தலைவனாக்கப் போகிறார்களாம். வருகிறாயா என்று துரை கேட்டதற்கு, அக்காவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாயாம். சட்டத்தைக் கரைத்துக் குடித்தவனும் உன் அக்காவுக்குப் பயப்படுகிறான் என்பது எனக்குப் பெரிய தெம்பு. ஆனால் பதில் எழுதுவது நான். போகாதே.

ஏன் என்று கேள். நீ பழவேற்காட்டுக் கோட்டையை விட்டுப் போன பிறகு, போன ஐப்பசிப் புயலில் இங்கே புத்தக அறைக்குள் தண்ணீர் புகுந்தது. நீ இருந்த காலத்தில் நனைந்த புத்தகத்தை நிழலில் விரித்து, காற்றுப் பார்த்து, ஏடு ஏடாகப் புரட்டுவாய். பிள்ளைக்குத் தலை துவட்டுகிறான் பார் என்று நான் கேலி பண்ணுவேன். இந்தத் தடவை, காயவைக்கிற தொழில் தெரிந்த ஒருத்தனை அனுப்பு என்று கோட்டையிலிருந்து ஆள் வந்தது. அந்தத் தொழிலில் நம் பெருமாளை மிஞ்ச ஆளில்லை, வாளைமீனைக் கண்ணாடியாகக் காயவைப்பவன். போனான், சட்டம் அத்தனைக்கும் கல்லுப்புத் தடவி மணலில் பரப்பிவிட்டான். "இன்னாடா பண்ணே?" என்றால், "ஈ மொய்க்கக் கூடாதுல்ல மாமா" என்கிறான். இப்போது பனி விழுந்தால் புத்தகமெல்லாம் வேர்க்கிறது. பூனை ஒன்று வாசலை விட்டு நகர மாட்டேன் என்கிறது.

நம் ஊர்ச் சுப்பனின் வீட்டுமனை வழக்கு அப்படியே நிற்கிறது. அதற்கான சட்டம் அந்த அறைக்குள்தான் இருக்கிறது, எங்கே என்று சொல்லத்தான் ஆளில்லை. அவன் தினமும் கோட்டை வாசலுக்குப் போய் நின்றுவிட்டு வருவதைப் பார்க்கும்போதுதான் எனக்கே உறைத்தது. ஏரி நிறைய மீன் இருக்கிறது என்றால் மட்டும் குழம்பு கொதித்துவிடுமா? சட்டமும் அப்படித்தான் போலிருக்கிறது, எடுத்துக் கையில் கொடுக்க ஒருத்தன் வேண்டும். அந்த ஒருத்தனையும் கடல் தாண்டி அனுப்பிவிட்டு நாங்கள் என்ன செய்ய? இங்கேயே வந்துவிடு.

உன் ஏடும் எங்கள் வலையும் கிழியாமல் இருக்கட்டும். நூறு வயசு இரு.

இப்படிக்கு,
கங்காதரன்

பின்குறிப்பு: எழுதியதை உன் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். மீன் அரிந்துகொண்டே கேட்டாள்.

"பெருமாளாட்டம் ஆளு ஊருக்கு ஊரு இருப்பான். உப்பு தடவாதடான்னு யாராச்சும் சொல்லிக் குடுக்க வேணாமா? ஏரியில யாருக்கு எந்த எடம்னு சீட்டு எடுத்தா, எந்த எடம் உழுவுதோ அங்கதான வலை போடறோம். அவனுக்குக் கொழும்பு உழுந்துகீது. மாத்திக் கேக்க நீ யாரு?"

"அவன் போய்ட்டா நீதான அழுவ."

"அழுவேன். அதுக்கு இன்னா இப்போ?"

கையைக் கழுவிக்கொண்டு எழுந்தவள், இங்கே நீ விட்டுப்போன துணிமணிகளைப் பெட்டியில் அடைத்து, துறைக்குத் தூக்கிப் போய்க் கொழும்புக் கப்பலில் ஏற்றிவிட்டாள். ஆகையால் மேலே எழுதியதை விட்டுவிடு. அந்தக் கப்பல் நாகப்பட்டணத்துக்கு வரும்போது ஏறிக்கொள். பெட்டியோடு என்னுடைய ஒரே நல்ல வேட்டியும் போய்விட்டது. நாளைக்கு வேணு வீட்டில் கல்யாணம். தோணியின் பாய்த்துணியைக் கட்டிக்கொண்டு போகிறேன்.