டாக்டர் முட்டியைக் காட்டிய விவகாரம்

அன்புள்ள தம்பிக்கு அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் சுகம். அங்கே நீயும் பிள்ளைகளும் அதேபோல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

காது கேளாதவர்களுக்கும் மற்றவர்களுக்கும் நடுவே நின்று சைகையைப் பேச்சாகவும் பேச்சைச் சைகையாகவும் மாற்றிச் சொல்வதுதான் என் மகளின் வேலை என்பது உனக்குத் தெரியும். போன மாதம் காது கேளாத தையல்காரம்மா ஒருவரோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். டாக்டர் கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லையாம். கடுப்பான அந்த அம்மா, "நான் பேசிட்டிருக்கேன், நீங்க தூங்குறீங்களா?" என்று கையால் கேட்டிருக்கிறார். நம் பெண் அதை நாசூக்காக, "டாக்டர், உங்களுக்கு உடம்பு முடியலையா?" என்று மாற்றிவிட்டாள். அவரை அப்படி யாரும் விசாரித்ததே இல்லை போலிருக்கிறது. மனுஷன் உருகிப்போய், பேன்ட்டைச் சுருட்டி முட்டியைக் காட்டி, மாடிப்படி ஏற முடியாத கதையெல்லாம் சொல்ல, தையல்காரம்மா சொல்ல வந்த தலைச்சுற்றல் கேட்பாரில்லாமல் அம்போவென்று நின்றுவிட்டது. வெளியே வந்ததும் அந்த அம்மா துருவித் துருவிக் கேட்டு நடந்ததைத் தெரிந்துகொண்டு, இனி நீ எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து மகளுக்குச் சோறு இறங்கவில்லை. வேலையையே விடப்போவதாகச் சொன்னாள். உன்மேல் தப்பே இல்லை என்று நான் தேற்றத் தேற்ற, எழுந்து உள்ளே போய்விடுவாள்.

மகளும் அவளைப்போல் இந்த வேலை செய்பவர்களும் மாதம் ஒருமுறை கூடி, அவரவர் வேலையில் நடந்ததைப் பேசிப் பார்ப்பார்களாம். மேலதிகாரி யாரும் கிடையாது. ஒருவர் சொல்ல, மற்றவர்கள் கேள்வி மட்டும் கேட்கலாம். புத்தி சொல்லக் கூடாது, தேற்றவும் கூடாது. அலுவலகத்தில் வெள்ளையடிப்பதால் இந்த முறை நம் வீட்டு ஹாலில் கூடினார்கள். காது கேளாத கணக்கு வாத்தியார் ஒருவரும் அதில் உண்டு என்பதால் பேச்செல்லாம் சைகையிலேயே நடந்தது. பஸ் நிலையத்தில் மைக்கைப் பிடித்து ஆயுசெல்லாம் கத்திய நான் ஓரமாக உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்த பெண் எனக்காக மெல்லச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

மகள் முட்டிக் கதையைச் சொல்ல, வாத்தியார் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "குத்தம் கண்டுபிடிக்கன்னே வந்திருக்காரு இந்த வாத்தியார். இதை அவருக்குச் சொல்லிடாதம்மா" என்று பக்கத்துப் பெண்ணிடம் சொன்னேன். அது காதில் விழுந்த மகளின் கை, தொழில் பழக்கத்தில் தானாக எழுந்து அத்தனையையும் அவருக்குச் சொன்னது, 'சொல்லிடாதம்மா' உட்பட. எனக்கு நாற்காலிக்கு அடியில் போய்விடலாமா என்றிருந்தது.

வாத்தியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு மகளிடம் ஒன்று கேட்டார். பக்கத்துப் பெண் அதை எனக்குச் சொன்னாள்: "உங்கப்பா திட்டினதைப் பூசி மெழுகாம அப்படியே சொன்னியே. டாக்டர்கிட்ட மட்டும் ஏன் மாத்தின?"

மகளின் கைகள் மடியில் இருந்து மெதுவாக எழுந்தன. "அப்பா கோவிச்சுக்கிட்டா பரவாயில்ல. டாக்டர் கோவிச்சுக்குவாரோன்னு பயந்துட்டேன். அந்தம்மாவைக் காப்பாத்துறதா நினைச்சு என்னைத்தான் காப்பாத்திக்கிட்டேன்."

யாரும் தேற்றவில்லை. ஆனால் அவள் முகம் தெளிந்துவிட்டது, தம்பி. நான் இத்தனை நாள் தேற்றியும் தெளியாத முகம்.

மறுநாளே தையல்காரம்மாவிடம் போய் இதையே சொல்லியிருக்கிறாள். 'நான் திட்டினால் நீயும் அப்படியே திட்ட வேண்டும்' என்ற நிபந்தனையோடு அந்த அம்மா சம்மதித்தார். அடுத்த முறை ஆஸ்பத்திரியில் டாக்டர் வழக்கம்போல் கம்ப்யூட்டர் பக்கம் திரும்ப, நம் பெண் அந்த அம்மாவின் கையைப் பார்த்துக் கணீரென்று சொன்னாளாம்: "கம்ப்யூட்டர்கூடத்தான் குடித்தனமா? என்னைப் பாருங்க."

டாக்டர் நாற்காலியோடு திரும்பினார். தலைச்சுற்றலை முழுதாகக் கேட்டு மாத்திரையையும் மாற்றிக் கொடுத்தார். மகள் அன்று வீட்டுக்கு வந்து இரண்டாம் தடவையும் சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

உன் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய்நொடியின்றி வளர எங்கள் ஆசி.

அன்புடன்,
அண்ணன்

பி.கு.: கடிதம் எழுதிய பெருமையை மகளிடம் சொன்னேன். கூட்டத்தில் பேசியது எதுவும் அறையை விட்டு வெளியே போகக் கூடாது என்பதுதான் அவர்களுடைய முதல் விதியாம். புதிதாக எழுத எனக்குச் சோம்பல். ஆகவே, நம் வீட்டில் கூட்டம் எதுவும் நடக்கவில்லை. தையல்காரம்மா, டாக்டர், முட்டி எதுவுமே கிடையாது. நாங்கள் சுகம் என்ற வரியை மட்டும் படித்ததாக வைத்துக்கொள்.