தலை எண்ணும் பொறுப்பு

பெயர் போடாத மொட்டைப் பெட்டிசம் திங்கட்கிழமை காலை சண்முகநாதனின் மேசையில், மைக்கூட்டுக்குக் கீழே இருந்தது.

‘பங்கருக்குள் ஒருவருடைய கை சும்மா இருப்பதில்லை. இது நிற்காவிட்டால் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் தலைவருக்குச் சொல்லப்படும்.’

இரண்டு தரம் வாசித்தார். கூட்டுறவுச் சங்கக் கந்தோரில் அவர் பிரதம இலிகிதர். இருபத்தாறு வருடச் சேவை. அதே வெள்ளிக்கிழமைதான் அவரை முகாமையாளராக்கும் தீர்மானம் வரவிருந்தது.

“ஆரடா அந்த நாய்?” என்று கடிதத்தையே கேட்டார்.

பங்கர் என்ற பதுங்குகுழி பின்வளவில் இருந்தது. பனங்குற்றி அடுக்கி மேலே மண்மூடை போட்டது. குண்டு போடும் பொம்பர் வானத்தில் இரைந்தால் கந்தோரில் ஆறு பேரும் அதற்குள் ஓடுவார்கள். உள்ளே கும்மிருட்டு. எல்லாரும் வந்தாயிற்றா என்று பார்ப்பது சண்முகநாதனின் பொறுப்பு. தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணுவார். ஐந்து தலை. எண்ணிக்கை பிழைத்தால் மறுபடி எண்ணுவார்.

முதலில் விசாரணை. தட்டெழுத்தாளர் பத்மாசினியை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“பயப்பிடாதை பிள்ளை. நான் உன்ரை தேப்பன் மாதிரி. ஆரெண்டு சொல்லு.” தோளில் தட்டிக் கொடுத்தார்.

பத்மாசினி கோவையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கதவைப் பார்த்தாள்.

“ஐயாவுக்குத் தெரியாததே?”

தன் புத்திமேல் பிள்ளைக்கு இருந்த நம்பிக்கை அவரை நெகிழ வைத்தது.

அடுத்தது அறிவித்தல். ‘பெண் ஊழியரைச் சகோதரிகளாக மதிக்கவும்.’ பத்மாசினி அதைத் தட்டெழுதும்போது எழுத்துப் பிழை வராமல் பின்னால் குனிந்து நின்று கவனித்தார். அவளுக்கு மூன்று தரம் பிழைத்தது. கடதாசி கிடைக்காத காலத்தில் மூன்று தாள் வீண்.

“கை நடுங்குது உனக்கு. உவன் எவ்வளவு பயப்பிடுத்திப் போட்டான் பார்.”

உவன் ஆர் என்பதைச் செவ்வாய்க்கிழமை கண்டுபிடித்தார். காவலாளி நீக்கிலாப்பிள்ளைக்கு எழுபது வயது. பங்கருக்குள் அவருடைய இரண்டு கையும் செபமாலையில் இருக்கும். மிச்சம் இலிகிதர் கனகலிங்கம். பொம்பர் வந்தால் பொம்பிளைகள் பக்கம்தான் போய்க் குந்துவான். முன்பு வாசலோரம் இருந்தவன்தான். இரண்டு மாதமாக இந்தப் பழக்கம்.

“உமக்கென்ன அங்கை அலுவல்?”

கனகலிங்கம் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த சின்னாச்சியைப் பார்த்தான். சின்னாச்சி கேத்திலைப் பார்த்தாள்.

“இடம் அப்பிடி அமைஞ்சு போச்சு ஐயா.”

“அமையும், அமையும்.”

புதன்கிழமையே அவனைப் புத்தூர்ப் பக்கத்துக் கிளைக் கடைக்கு மாற்றினார். கனகலிங்கம் மாற்றக் கடிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான்.

“போறன் ஐயா. ஆனா பங்கருக்குள்ளை என்ரை இடத்திலை ஆர் இருக்கிறது?”

“நான் இருக்கிறன். உமக்கு அந்தக் கவலை வேண்டாம்.”

அன்று பின்னேரமே பொம்பர் வந்தது. சண்முகநாதன் பங்கருக்குள் பாய்ந்து, புது இடத்தில் இருந்து எண்ணினார். நீக்கிலாப்பிள்ளை மட்டும் இருந்தார். எட்டிப் பார்த்தால் பத்மாசினியும் கணக்குப் பிள்ளை பாலேஸ்வரியும் சின்னாச்சியும் வாழைகளுக்குள் குப்புறக் கிடந்தார்கள்.

“விசரியள்! உள்ளை வாங்கோ! செத்துப் போவியள்!”

“பரவாயில்லை ஐயா,” என்றாள் பாலேஸ்வரி.

குண்டு எங்கோ தள்ளி விழுந்தது. சண்முகநாதனுக்கு வந்த கோபம் அடங்கவில்லை. குற்றவாளியையும் துரத்தியாயிற்று. இனி என்ன பயம்? வியாழக்கிழமை எழுத்தில் கட்டளை போட்டார். பொம்பர் வந்தால் அனைவரும் பங்கருக்குள் வந்து பிரதம இலிகிதரால் எண்ணப்படவேண்டும். தவறினால் வேலை போகும்.

கட்டளையில் கையொப்பம் வாங்கப் போனபோது சின்னாச்சி கிணற்றுக் கட்டில் நாலு பழைய பற்றறிகளை வெயிலுக்கு வைத்துக்கொண்டிருந்தாள். போர்க்காலத்தில் பற்றறிக்குத் தடை. காய வைத்தால் கொஞ்சம் உயிர் வரும்.

“உதென்னத்துக்கு?”

“ஒரு அலுவல் இருக்கு ஐயா,” என்று கையொப்பம் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை கூட்டத்துக்குச் சங்கத் தலைவர் முத்துக்குமாரு வந்தார். பெட்டிசத்தைச் சண்முகநாதனே எடுத்து நீட்டினார்.

“நீங்கள் கேக்க முந்தியே ஆளைப் பிடிச்சு மாத்திப்போட்டன்.”

“உப்பிடி ஒராள்தான் முகாமையாளரா இருக்கோணும்,” என்றார் தலைவர். தீர்மானத்தில் கையொப்பமிடப் பேனையைத் திறந்தார்.

பொம்பர் இரைந்தது.

தலைவர் முதல் ஆளாகப் பங்கருக்குள் இறங்கினார். மற்றவர்கள் பின்னால். கட்டளைப்படி பொம்பிளைகளும் வந்தார்கள். சண்முகநாதன் எண்ணத் தொடங்கினார்.

“ஒண்டு.” செபமாலை.

“ரெண்டு.” வழுக்கை. “தலைவர், மன்னிக்கோணும்.”

“பரவாயில்லை. கடமையைச் செய்யும்.”

“மூண்டு. நாலு.”

ஐந்து வரவில்லை. கொஞ்ச நேரமாகியும் வரவில்லை.

ரோச் லைற் எரிந்தது. சின்னாச்சியின் கையில் இருந்தது. மங்கல் வெளிச்சம்தான், போதுமாக இருந்தது. சுவரோடு சுவராக ஒடுங்கியிருந்தாள் பத்மாசினி. அவளுடைய இடுப்பில் ஒரு கை இருந்தது.

“தலை எண்ணுறன்,” என்றார் சண்முகநாதன்.

“அந்தப் பிள்ளையின்ரை தலை உங்கையோ இருக்கு?” என்றார் தலைவர்.

நீக்கிலாப்பிள்ளையின் செபமாலை நின்றது.

“இருட்டு, தலைவர்... கை தவறிப் போச்சு. குற்றவாளி கனகலிங்கம். எப்பவும் உவையளுக்கு நடுவிலைதான் போய் இருப்பான். நீங்கள் இவையளைக் கேட்டுப் பாருங்கோ!”

தலைவர் சின்னாச்சியைப் பார்த்தார். அவள் வெளிச்சத்தை அசைக்கவில்லை.

“ஓம் ஐயா, அந்தத் தம்பியைக் கெஞ்சி நடுவிலை இருத்தினது நாங்கள்தான், உந்தக் கையை மறிக்க.”