ஜன்னலடியில் இரண்டு ஓட்டைகள்

பணி ஓய்வு பெற்றவன் கையில் இடுக்கு அடைக்கும் சிலிகான் கன்னைக் கொடுக்கக் கூடாது. எனக்கு யாரும் கொடுக்கவில்லை. நானே கேட்டு வாங்கினேன்.

முப்பது வருடம் அரசு அலுவலகத்தில் கட்டட வேலைக் கோப்புகளைச் சரிபார்த்தவன் நான். எந்தச் சுவர் ஏன் ஒழுகுகிறது என்று நான்கு பக்கம் குறிப்பு எழுதுவேன். (ஒழுகிய சுவர் எதையும் தொட்டுப் பார்த்ததில்லை.) பாளையங்கோட்டை வீட்டில் மாடி எடுக்கலாம் என்று பேச்சு வந்தது. மேற்பார்வை எனக்கா, பேட்டையில் அலுமினிய ஜன்னல் பட்டறை வைத்திருக்கும் மைத்துனன் பேச்சிமுத்துவுக்கா என்ற கேள்வியும் கூடவே வந்தது.

மனைவி தீர்ப்புச் சொன்னாள். கீழே பாத்ரூமில் அவள் தம்பி பேச்சிமுத்து புது ஜன்னல் மாட்டிவிட்டுப் போயிருந்தான். அதைச் சுற்றியும் அதன் கீழுள்ள வாஷ்பேசினைச் சுற்றியும் இடுக்குகளை நான் அடைக்க வேண்டும். ஐப்பசி மழையில் ஒரு சொட்டு உள்ளே வராவிட்டால் மாடி என் கையில். வந்தால் தம்பி கையில்.

எல்லாம் விதிப்படி செய்தேன். பழைய சிமெண்டைச் சுரண்டி, தூசி துடைத்து, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டேன். இடுக்கின் இருபுறமும் டேப் ஒட்டி, நடுவே சிலிகானை நிறுத்தாமல் இழுத்து, சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் ஒரே வீச்சில் தடவி, அது இறுகும் முன்பே டேப்பை உரித்தேன். கோடு என்றால் அது கோடு. 'இருபத்து நான்கு மணி நேரம் உபயோகிக்கக் கூடாது' என்று எழுதி, தேதியிட்டுக் கையெழுத்தும் போட்டுக் கதவில் ஒட்டினேன். (வீட்டில் இருந்தது நாங்கள் இரண்டே பேர்.)

வெளியே போய் நின்று என் வேலையை ரசித்தபோதுதான் ஜன்னல் சட்டத்தின் அடியில் இரண்டு சிறிய ஓட்டைகளைப் பார்த்தேன். பட்டறைக்காரனின் கவனக்குறைவு! எந்தக் கோப்பிலும் ஒரு குறையை இவ்வளவு சந்தோஷமாக நான் கண்டுபிடித்ததில்லை. மிச்சமிருந்த சிலிகானை எல்லாம் அவற்றில் இறக்கினேன்.

முதல் பெருமழை அன்று பேச்சிமுத்துவைச் சாட்சிக்கு அழைத்தேன். சேறும் சகதியுமாக வந்தவன் முகம் கழுவ வாஷ்பேசினில் குனிந்தான். என் கோட்டை விரலால் தடவிப் பார்த்தான்.

"நல்லாத்தான் இழுத்திருக்கிய அத்தான்."

மாடி என் கைக்கு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ஒரு காற்று அடித்தது. ஜன்னல் கதவு நகரும் பள்ளத்தில் அதுவரை சத்தமில்லாமல் நிறைந்திருந்த மழைத் தண்ணீர் மொத்தமும் அவன் பிடரியில் இறங்கியது.

அவன் நிமிர்ந்தான். துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

"அடியில ரெண்டு ஓட்டை விட்டிருந்தேம்லா, அது எங்க?"

"அது உன் பட்டறைக் குறை. நான் சரி பண்ணிட்டேன்."

"தண்ணி வெளிய போறதுக்குன்னு நாந்தான் போட்டேன், அத்தான்."

வாசலில் நின்ற மனைவி பையச் சொன்னாள்: "வந்த மனு எதையும் வெளிய போக விடாத கைல்லா. பழக்கம் லேசுல போகுமா?"

மாடி தம்பி கைக்குப் போனது. ஆனால் அந்த இரண்டு ஓட்டைகளையும் மறுபடி திறக்க அவனுக்கு அரை நாள் ஆனது. இரண்டு பிளேடுகள் ஒடிந்தன. என் வேலையின் உறுதிக்கு வேறு சான்றிதழ் வேண்டுமா? மாடிப் பாத்ரூமின் சிலிகான் வேலையை அவனே என்னிடம் கொடுத்தான், ஓட்டைகளைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டம் போட்டு.

ஐந்து ஐப்பசி போய்விட்டது. இன்றும் பேச்சிமுத்து எங்கள் பாத்ரூமுக்குள் குடையோடுதான் நுழைகிறான். அவனுக்காகவே மனைவி வாங்கிக் கதவில் மாட்டி வைத்த குடை அது. இதுவரை ஒரு சொட்டுகூட அதன் மேல் விழவில்லை என்பதை இதன்மூலம் பதிவு செய்கிறேன்.