முப்பத்தாறா, முப்பத்தெட்டா?

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தையல்காரன் நான் சொல்லச் சொல்ல, உங்கள் மகளும் என் மருமகளுமானவள் எழுதும் கடிதம். இங்கே எல்லோரும் சுகம், என்னைத் தவிர. நீங்கள் சுகமாகத்தான் இருப்பீர்கள். தெரிந்துகொள்ள எனக்கு ஆசை ஒன்றும் இல்லை. டாக்டர் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன்.

பூங்கா பெஞ்சில், நடக்க வந்த நாலு பேர் நடுவில், உங்கள் இடுப்பு முப்பத்தாறு என்று நீங்கள் சொன்னதும், முப்பத்தெட்டு என்று நான் சொன்னதும், குடையைக்கூட எடுக்காமல் நீங்கள் எழுந்து போனதும் போன மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் ஐந்தேகால். எனக்கு எழுத்துதான் தெரியாது, டேப் தெரியும். பிள்ளைகள் கல்யாணத்தின்போது நீங்கள் முப்பத்துநாலு, பேத்தி பிறந்தபோது முப்பத்தாறு; எதையும் நான் நோட்டில் குறித்துவைக்கவில்லை.

மறுநாள் காலையில் வலது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை, சட்டைக்குள் கையை நுழைக்க உங்கள் மாப்பிள்ளை வரவேண்டியிருந்தது, அப்புறம் தூக்கம் போச்சு, பசி போச்சு, எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்து எலும்பு நன்றாக இருக்கிறது என்றார், வயிற்று டாக்டர் வயிறும் நன்றாக இருக்கிறது என்றார், எல்லாம் நன்றாக இருந்தால் நான் ஏன் இப்படி இருக்கிறேன் என்று கேட்டதற்கு ஒரு பெண் டாக்டரிடம் தள்ளிவிட்டார்கள். அந்தப் பெண் நாக்கைப் பார்க்கவில்லை, நாடியைப் பார்க்கவில்லை. "சாயங்காலம் யார்கூடப் பேசிட்டு இருப்பீங்க, ஐயா?" என்றாள். "வலி தோள்லம்மா, வாயில இல்ல" என்றேன். "பரவாயில்ல, சொல்லுங்க." கேட்டுவிட்டாளே என்று பெஞ்சு, குடை, நீங்கள் எழுந்து நின்ற தோரணை எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரித்தாள். "அவர் எழுந்ததைக் காட்டுறப்ப உங்க கை எங்க போச்சு, பாத்தீங்களா?" பார்த்தேன். தூக்க முடியாத கை மின்விசிறிக்கு நேராக நின்றது! பார்த்த மாத்திரத்தில் சுருக்கென்று வலித்துக் கீழே இறங்கிவிட்டது. "அப்ப நான் நடிக்கிறேனாம்மா?" "இல்லய்யா, வலி நிஜம்தான். மனசும் தோளும் ஒரே வீட்டுல குடியிருக்கு. ஒண்ணு கோச்சுக்கிட்டா இன்னொண்ணும் சாப்பிடாது. மாத்திரை தர்றேன். தினம் யாரோடயாவது அரை மணி நேரம் பேசிக்கிட்டே நடங்க."

நடந்தேன். எதிர்வீட்டுக் கணக்கர் கிடைத்தார். நான் என்ன சொன்னாலும் "ஆமாங்க, ஆமாங்க" என்கிறார். ஒரு நாளாவது "போய்யா, உனக்கு என்ன தெரியும்" என்று சொல்ல வேண்டாமா மனுஷன்? மூன்றே நாளில் வலி கழுத்துக்கு ஏறிவிட்டது. டாக்டரிடம் சொன்னால், "அப்ப குடைக்காரருக்கே எழுதுங்க" என்கிறாள்.

ஆகவே, வைத்தியத்துக்காக மட்டும், வருகிற செவ்வாய்க்கிழமை பெஞ்சுக்கு வரவும். குடை பத்திரமாக இருக்கிறது. ஆனால் உயிரே போனாலும் முப்பத்தாறு என்று என் வாயில் வராது. சம்பந்தி அம்மாளுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
கை தூக்க முடியாத தையல்காரன்

பின்குறிப்பு: அப்பா, இது நானே எழுதுவது. மாமா நேற்று முழுக்க மிஷினில் உட்கார்ந்து உங்களுக்கு ஒரு பேண்ட் தைத்துவிட்டார். துணித்துண்டில் 36 என்று என்னை எழுதச் சொல்லி, இடுப்புப் பட்டிக்கு உள்பக்கம் வைத்துத் தைத்திருக்கிறார். டேப் வைத்துப் பார்த்தேன், முப்பத்தெட்டு. "என்னம்மா இவ்வளவு நீளமா எழுதுற?" என்று கேட்கிறார். விலாசம் என்று சொல்லியிருக்கிறேன். ஒரு மாதமாக உங்களுக்கும் சாப்பாடு இறங்கவில்லை என்று அம்மா போனில் சொன்னாள். செவ்வாய்க்கிழமைக்குள் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். இளைத்துப்போய் நிஜமாகவே முப்பத்தாறில் வந்து நின்றால் மாமா தாங்கமாட்டார்.