நாலு சொடுக்குப் பேய்

இந்த இலையுதிர் காலத்தில் ஒரு எல்க்கை வீழ்த்தியே தீருவது என்று குலேந்திரன் தீர்மானம் நிறைவேற்றினார். முன்மொழிந்தவர் அவர். வழிமொழிந்தவரும் அவர். எதிர்ப்பு எழவில்லை. சபையில் இருந்த மற்ற இருவரில் மேல்மாடி நோராவுக்குத் தமிழ் தெரியாது. மனைவி யோசெப்பின் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

எல்க் என்பது நோர்வேக் காட்டின் ராட்சத மான். குதிரையைவிட உயரம். கொம்பு ஒவ்வொன்றும் மண்வெட்டி அகலம். ஒஸ்லோவின் ஹொல்ம்லியாப் பகுதியில் அவருக்குத் தெரிந்த தமிழர் எவரும் அதை இறைச்சிக் கடையில் அல்லாமல் வேறெங்கும் சந்தித்ததில்லை. இந்த வரலாற்றுக் குறையை நீக்கவே தான் பிறந்ததாகக் குலேந்திரன் நம்பினார்.

அவர் ஆயுள் முழுதும் துண்டுப்பிரசுரம் எழுதியவர். யாழ்ப்பாணத்தில் சுருட்டுத் தொழிலாளருக்காக எழுதினார். ஒஸ்லோவில் தான் வேலை செய்யும் கிடங்கின் தொழிலாளருக்காக எழுதினார். பேர்போன பிரசுரம் ‘படையலைத் தின்றது யார்?’ பேயும் இல்லை, ஆவியும் இல்லை, படைத்ததைத் தின்றவன் மனிதனே என்று எட்டுப் பக்கத்தில் நிறுவியிருந்தார். ‘அடுக்களையை விட்டு வெளியே வா, தோழி’ என்றும் ஒன்று எழுதினார். அதில் மட்டும் வீட்டுக்கு ஒரு பிரதி கொண்டுவரவில்லை.

நோராவின் கணவர் போன குளிர்காலத்தில், கோப்பிக் கோப்பையோடு கதிரையில் இருந்தபடியே போய்ச் சேர்ந்தவர். அவர்கள் நடத்திய வேட்டைக் குழுவில் அதனால் ஒரு இடம் காலியானது. அதைச் சொல்லத்தான் நோரா இறங்கி வந்திருந்தாள். அவளும் யோசெப்பினும் முதியோர் இல்லத்தில் ஒன்றாக வேலை செய்பவர்கள். ஆகவே யோசெப்பினைப் பார்த்துத்தான் சொன்னாள். பதில் சொன்னவர் குலேந்திரன்.

“எனக்கும் ஒருக்காச் சுட்டுப் பாக்க விருப்பந்தான்,” என்றாள் யோசெப்பின்.

“நீ சமையலைத் துவக்கு. துவக்கை நான் பாக்கிறன்.”

சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். யாழ்ப்பாணத்தாருக்குத் துப்பாக்கியும் துவக்கு, ஆரம்பிப்பதும் துவக்கு. சிலேடையை நோராவுக்கு மொழிபெயர்க்கப் பார்த்தார். அது வழியிலேயே செத்துப்போனது. யோசெப்பின் சிரிக்கவில்லை. வெங்காயத்தை நறுக்கினாள். கண் கலங்கியது வெங்காயத்தாலா என்று அவர் கேட்கவில்லை.

“யாரும் வந்து சுடலாம்,” என்றாள் நோரா. “அரசாங்கச் சோதனை நூறு மீற்றரில். எங்கள் குழுவுக்கு இன்னொன்று உண்டு. எங்கள் எல்க்குகள் சதுப்புக்கு அப்பால்தான் நிற்கும். ஆகவே இருநூறு மீற்றரில் ஒரே ஒரு வெடி. இதயத்தில் பட வேண்டும். அடிப்பவருக்கு இடம்.”

சூட்டுத் திடல் காட்டோரம் இருந்தது. சனிக்கிழமைக் காலைகளில் அங்கே பனிப்புகார் படுத்துக் கிடக்கும். சிவப்புக் கொடியின் கயிறு கம்பத்தில் தட்டும். காற்று நின்ற பிறகும் சிலவேளை தட்டும். நோரா தன் கணவரின் துவக்கைப் பலகை மேல் வைத்தாள். குழல் ஒன்பது தசம் மூன்று மில்லிமீற்றர், கரடிக்கும் போதும். கட்டையில் கன்னம் வைக்கும் இடம் தேய்ந்து குழிந்திருந்தது. குலேந்திரன் கன்னத்தை வைத்தார். வேறொருவரின் தலையணையில் படுத்தது போலிருந்தது.

நோரா பாடம் எடுத்தாள். “குண்டு குழலை விட்ட கணமே விழத் தொடங்கும். அதனால் குழலின் மூக்கைக் கொஞ்சம் தூக்கிவிடுகிறோம். குண்டு உங்கள் பார்வைக் கோட்டுக்கு மேலே ஏறும், பிறகு இறங்கும். நூறில் நாலு சென்ரிமீற்றர் உயர்வாகப் பட்டால் நூற்றைம்பதில் நடுவில் படும். இருநூறில் ஒரு கையகலம் தாழும். அந்தக் கையகலத்தை நீங்கள் மேலே பிடிக்க வேண்டும்.”

“என்ரை குண்டு நேராப் போகும்,” என்று முதலில் தமிழில் சொன்னார். பிறகு நோர்வேஜிய மொழியில் விளக்கினார்: வளைந்து போவது தன் பரம்பரையில் இல்லை.

“குண்டுக்கு உங்கள் கொள்கை தெரியாது,” என்றாள் நோரா.

அவர் குறிக்கண்ணாடியின் திருகைத் திருப்பினார். ஒரு சொடுக்குக்குக் குறி ஒரு சென்ரிமீற்றர் நகரும். நூறு மீற்றரில் குண்டு நட்டநடு மையத்தில் விழும்வரை திருப்பினார். தோள் நாவற்பழ நிறமானது. மனம் நிறைந்தது.

அடுத்த சனிக்கிழமை புகையிரத நிலையத்திலிருந்து காட்டுப் பாதையால் வந்தார். வெள்ளை பேர்ச் மரங்களுக்கிடையே வெள்ளையாக ஒன்று போனது. ஆள் உயரம். காலடிச் சத்தம் இல்லை. பாசி எல்லாவற்றையும் விழுங்கியது. அவர் நின்றார். அதுவும் நின்றது போலிருந்தது. பிறகு மரங்கள் மட்டுமே நின்றன.

திடலில் நோரா தனியே இருந்தாள். துவக்கைத் தொட்டார். அந்தக் குளிரில் குழல் இளஞ்சூடாக இருந்தது. மூன்று வெடி வைத்தார். மூன்றும் மையத்துக்கு நாலு சென்ரிமீற்றர் மேலே, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றன. துவக்கின் கன்னத்தில் ஏதோ வாசனை. தெரிந்த வாசனை. எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

“யார் திருகைத் தொட்டது?”

“துவக்கு பூட்டிய இரும்புப் பெட்டியில். திறப்பு என் கழுத்தில்.” நோரா, கணவர் உட்காரும் மூலை வாங்குப் பலகையைப் பார்த்தாள். அது காலியாக இருந்தது. “அவரும் எப்போதும் நாலு உயர்த்தித்தான் வைப்பார்.”

குலேந்திரன் நாலு சொடுக்கு இறக்கினார். அடுத்த வாரம் நாலு ஏறியிருந்தது. இறக்கினார். அதற்கடுத்த வாரமும் ஏறியிருந்தது. செத்தவர் விட்டுக்கொடுக்கிற மாதிரித் தெரியவில்லை.

“முகம் ஏன் பேயறைஞ்ச மாதிரிக் கிடக்கு?” என்றாள் யோசெப்பின். தேவாலயத்தில் சனிக்கிழமைப் பாட்டுப் பயிற்சி முடிந்து வந்து, வலது தோளுக்குத் தைலம் பூசிக்கொண்டிருந்தாள்.

“பேய் எண்டு ஒண்டு இல்லை.”

“நான் இருக்கெண்டு சொல்லேல்லையே. உங்களை ஆரப்பா கேட்டது?”

“தோளுக்கு என்ன?”

“இல்லத்திலை ஒரு பாரமான ஆளைத் தூக்கினனான். நீங்கள் சொல்லுங்கோ.”

“கிடங்கிலை ஒரு பெடியன்ரை கதை. பூட்டின பெட்டிக்குள்ளை அவன்ரை சாமானை ஆரோ நாலு நாலா நகர்த்தினமாம்.”

“ஆரும் செத்ததே?”

“ஒரு நோர்வேக்காரன். கோப்பி குடிச்சபடி.”

“பாவம், ஆறாத ஆசை. படைக்கச் சொல்லுங்கோ.”

“படையலோ? நான் எப்பிடியடி அதைச் சொல்லுறது?”

“பெடியனுக்குத்தானே. சோறு கறி வேண்டாம், அந்த ஆளுக்கு உறைக்கும். ஒரு வாஃபல், பிறவுண் சீஸ், கறுப்புக் கோப்பி. சீனி போடவேண்டாமெண்டு பெடியனுக்குச் சொல்லுங்கோ.”

சோதனைக்கு முந்திய சனிக்கிழமை, வழக்கத்துக்கு முன்னதாகவே சப்பாத்தைக் கட்டினார்.

“வெள்ளணவா எங்கை?”

“குறி பாக்க.”

“சாத்திரியிட்டையோ?”

“சுடுற குறி.”

“நான் வேறை என்னத்தைச் சொன்னனான்?” என்றாள் யோசெப்பின்.

பெற்றோல் நிலையத்தில் வாஃபல் வாங்கினார். சுடுதண்ணிப் போத்தலில் கோப்பி. வீட்டுப் பூப்போட்ட கோப்பை. யாருமில்லாத திடலில், மூலை வாங்கில், எல்லாவற்றையும் பரப்பினார். பழைய தோழர்கள் எவரும் பார்க்கிறார்களா என்று நாலு திசையும் நோக்கினார். கும்பிடவில்லை. தொப்பியை மட்டும் கழற்றினார், தலை வேர்த்ததால். வெப்பநிலை நாலு பாகை.

போய்ப் புகையிரத நிலையத்தில் குந்திக்கொண்டிருந்தார். காட்டுக்குள்ளிருந்து வெடிச் சத்தம் கேட்டது. ஒவ்வொன்றையும் காடு வாங்கி வைத்து, யோசித்துவிட்டுத் திருப்பிச் சொன்னது. திரும்பி வந்தபோது தட்டு காலி. கோப்பையும் காலி. அதுமட்டுமல்ல, கோப்பை கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

குடிக்கிற பேயைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருக்கிறார். கழுவி வைக்கிற பேயை எந்தத் தேசத்திலும் கேள்விப்பட்டதில்லை. 

“வாஃபலை நீங்களா சாப்பிட்டது?”

“நான் வாஃபல் தொடுவதில்லை,” என்றாள் நோரா.

சுட்டுப் பார்த்தார். அதே நாலு சென்ரிமீற்றர், மேலே. லஞ்சத்தை வாங்கி ஏப்பம் விட்டுவிட்டு வேலையைச் செய்யாத அதிகாரியாகப் பேயும் ஆகிவிட்டதே என்று கசந்துபோனார். உயிரோடிருப்பவர்களில் பலரை அவர் அப்படிப் பார்த்திருந்தார். செத்த பிறகாவது திருந்துவார்கள் என்று எண்ணியிருந்தார்.

சோதனை நாள். நூறு மீற்றரில் ஐந்து வெடியும் வட்டத்துக்குள். பெருமூச்சு விட்டார். பிறகு இருநூறு. புகாருக்குப் பின்னால் அட்டை எல்க் இருக்கிறதும் இல்லாததுமாக நின்றது. நோரா மெல்லக் கேட்டாள். “நாலு உயர்வு அப்படியே இருக்கட்டுமே?”

இந்த ஒரு வெடியில்தான் எல்லாம். அடித்தால் வேட்டைக்காரன். தவறினால் கிடங்கில் அவர் ஏற்கெனவே சொல்லி வைத்த வேட்டைக் கதைகளுக்கெல்லாம் வேறு நாயகனைத் தேட வேண்டும். செத்தவனின் சர்வாதிகாரத்துக்கா பணிவது? டிக், டிக், டிக், டிக். நாலையும் இறக்கினார். இதயத்தை நேரே பிடித்தார். சுட்டார்.

நோரா தூரக்கண்ணாடியில் பார்த்தாள். “ஒரு சாண் கீழே. முன்னங்கால். உண்மையான எல்க் என்றால் நொண்டிக்கொண்டே காட்டுக்குள் போய், நாள்கணக்கில் சாகும்.”

அவருக்கு மேடைகளில் தன் பேச்சு முன்வரிசையைத் தாண்டமுன் விழுந்த நாட்கள் ஏனோ நினைவுக்கு வந்தன.

அப்போது முதுகுக்குப் பின்னால் பேர்ச் மரங்களுக்கிடையே வெள்ளையாக ஒன்று அசைந்தது. காலடிச் சத்தம் இல்லை. நேரே வந்தது. அவரைத் தாண்டிக் குனிந்தது. துவக்கின் திருகைப் பிடித்தது.

டிக். டிக். டிக். டிக்.

வெள்ளை மழைக்கோட்டு படுத்துக் கட்டையில் கன்னத்தை வைத்தது. தேங்காயெண்ணெய் வாசனை வந்தது. வெடி முழங்கியது. காடு யோசித்துத் திருப்பிச் சொன்னது.

“இதயம்,” என்றாள் நோரா. “யோசெப்பின் வசந்தத்திலேயே வேட்டைக்காரர் பரீட்சை பாஸ். நூறு மீற்றரை இன்று காலையே முடித்துவிட்டாள். இடம் அவளுக்கு.”

குலேந்திரனுக்கு வாய் திறந்தது. வந்தது பிரசுரம் அல்ல, கேள்வி.

“நீயோ? சனிக்கிழமைப் பாட்டுப் பயிற்சி?”

“பாட்டு பின்னேரம். காலமை நோராவின்ரை காரிலை இஞ்சை. ஒவ்வொரு கிழமையும் நான் நாலு ஏத்த, நீங்கள் நாலு இறக்க. ஏறினால் இறங்குமெண்டு நோரா சொன்னது குண்டைப் பற்றி. நான் உங்களைப் பற்றியாக்குமெண்டு நினைச்சனான்.”

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“நீங்கள் என்னைக் கேக்கேல்லையே. பேயைத்தானே கேட்டனீங்கள்.”

“அப்ப அந்தப் படையல்?”

“தின்றது மனிசர்தான் எண்டு எட்டுப் பக்கம் எழுதி வைச்சிருக்கிறியள். உங்களைப் பொய்யாக்கலாமே? வாஃபல் கொஞ்சம் காஞ்சு போச்சு.”

“கோப்பையைக் கழுவி வேறை வைச்சனீ. உயிர் போட்டுது எனக்கு.”

யோசெப்பின் நிமிர்ந்து பார்த்தாள். “கோப்பையோ? எனக்குக் கோப்பி நெஞ்செரிவெண்டு உங்களுக்குத் தெரியாதே? அதை நான் தொடவேயில்லை.” நோராவைப் பார்த்து நோர்வேஜிய மொழியில் கேட்டாள்.

“நானும் இல்லை,” என்றாள் நோரா. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. “கழுவிக் கவிழ்ப்பது அவருடைய பழக்கம்.”

மூவரும் மூலை வாங்கைப் பார்த்தார்கள். காற்று நின்றிருந்தது. கொடிக்கயிறு கம்பத்தில் ஒருமுறை தட்டியது.

யோசெப்பின்தான் முதலில் அசைந்தாள். வெற்றுக் குழலைச் சரிபார்த்து, துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“வெங்காயம் கூடைக்குள்ளை இருக்கு,” என்றாள். “நீங்கள் போய்ச் சமையலைத் துவக்குங்கோ. துவக்கை நான் பாக்கிறன்.”